மடக்கு ரம்பம்

மார்ச் 2, ஞாயிறு

ஒன்பதாவது நாளாக மழை. இந்தத் தீவில் ஹீலோ பக்கம் மழை பெய்கிறது என்று எழுதுவது கடலில் தண்ணீர் இருக்கிறது என்று எழுதுவது மாதிரி. ஆனாலும் துவைத்த துணி காயாதபோது யார் மேலாவது கோபப்பட வேண்டுமே. இட்லி மாவு இரண்டு நாளாகியும் பொங்கவில்லை. அப்பளக் கட்டில் பூஞ்சை. தூக்கிப் போட்டேன்.

அவர் மலையிலிருந்து இறங்கி வந்திருக்கிறார். ஐந்து நாள் மேலே தொலைநோக்கிக்குக் காவல், ஐந்து நாள் கீழே எனக்குக் காவல். முதுகு பிடித்துக்கொண்டதாம். அதனால் பின்பக்கம் காய்ந்து நின்ற மரத்தை நானே அறுத்தேன். விழுந்தால் மழைநீர்த் தொட்டி மேல்தான் விழும். மடக்கு ரம்பம் நன்றாக வேலை செய்தது. ஒரே மதியத்தில் ஆறு துண்டு.

“என்ன மரம் இது, கொடி?” என்றார், நாற்காலியில் உட்கார்ந்தபடி மேற்பார்வை பார்த்துக்கொண்டு.

“ஏதோ காட்டு மரங்க.”

தோள் வலிக்கிறது. சனிக்கிழமை குமுவின் காட்டுக்குப் போக வேண்டும். பையை இன்றே கட்டி வைத்துவிட்டேன்.

மார்ச் 8, சனி

நல்ல நாள். எழுதி வைக்க வேண்டிய நாள்.

குமு என்றால் இங்கே ஆசிரியை. நோஹேலானிக்கு அறுபத்தொன்று, எனக்கு ஐம்பத்து மூன்று. பத்தொன்பது வருடமாக அவளிடம் ஹூலா நடனம் ஆடுகிறேன். ஆனாலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பகலெல்லாம் தபால் நிலையத்தில் கடிதம் பிரித்தவள், சாயங்காலம் தன் கார் ஷெட்டில் பலகைத் தரை போட்டு முப்பத்தொரு வருடமாகச் சொல்லிக் கொடுக்கிறாள். அவள் பாராட்டி யாரும் கேட்டதில்லை. தாளம் போடும் சுரைக்குடுக்கையை ஒரு தட்டு தட்டி “இன்னொரு தடவை” என்பாள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த பாராட்டு.

இன்று பதினோரு பேர், மேடைக்குப் பெரணி இலை பறிக்க எரிமலைச் சாலையில் அவள் குடும்பக் காட்டுக்குப் போனோம். வாசலில் தூரிகையும் ஆல்கஹால் பாட்டிலும் உண்டு. ஓஹியா மரங்களைக் கொல்லும் பூஞ்சை நோய் தீவெங்கும் பரவியதிலிருந்து, செருப்பிலும் கத்தியிலும் ஒட்டியிருக்கும் மண்ணைத் தேய்த்து, ஆல்கஹால் தெளிக்காமல் யாரும் உள்ளே போகக் கூடாது. ஏழு வருடமாக அந்தச் சோதனை என் பொறுப்பு. என்னை ‘சுங்க அதிகாரி’ என்றுதான் பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள். எங்களோடு ஆடும் கேஹாவ், செடி நர்சரியில் வேலை பார்ப்பவள், ஆர்க்கிட் தொட்டிகளுக்கு நடுவிலிருந்து நேராக வந்திருந்தாள். அவள் பூட்ஸை இரண்டு தடவை தேய்த்து மூன்று தடவை தெளித்தேன்.

“ஆன்ட்டி, இன்னும் கொஞ்சம் அடிச்சீங்கன்னா என் பூட்ஸுக்குப் போதை ஏறிடும்” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

காட்டிடம் பாட்டாலேயே அனுமதி கேட்டுவிட்டு உள்ளே போனோம். நடுவில் நிற்கும் பெரிய ஓஹியாவின் அடியில்தான் குமு பிறந்தபோது அவளுடைய நஞ்சுக்கொடியைப் புதைத்தார்கள். ஆக, அது அவளுடைய மரம். போன வாரக் காற்றில் தாழ்ந்த கிளை ஒன்று முறிந்து தொங்கியது. அவளுடைய அரிவாள் மழுங்கிப்போயிருந்தது. என் பையின் பக்க அறையில் ரம்பம் இருந்தது.

“நீயே அறு, கொடி” என்றாள். வேறு யார் கையையும் அந்த மரத்தில் வைக்க விட்டதில்லை.

துணியில் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் அறுத்தேன்.

மார்ச் 15, சனி

பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்கு மக்ரோனி கிண்டிய கையோடு வாரம் முடிந்தது.

வகுப்புக்கு முன் வழக்கம்போல வாசலில் நின்று, உள்ளே வர அனுமதி கேட்டுப் பாடினோம். உள்ளிருந்து குமு பதில் பாடினால்தான் கதவு. குரலில் மனசு இல்லையென்று பட்டால் பதில் வராது, நனைய வேண்டியதுதான். இன்று மூன்றாம் தடவைக்குத்தான் வந்தது.

பிறகு அறிவித்தாள். ஆகஸ்ட் 23 பட்டமேற்பு. கேஹாவுக்கு ஏழு வருடப் பயிற்சி முடிந்து ஆடற்காரி என்ற பட்டம். எனக்குக் குமு பட்டம். விருதுநகர் எண்ணெய்க் கடைக்காரர் மகள் இனி சொந்தமாகச் சொல்லிக் கொடுக்கலாம்! அவரிடம் சொன்னேன். “அப்ப வீட்டுலயும் இனிமே பாடித்தான் உள்ள வரணுமா?” என்றார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

நாள் முழுக்கப் பயிற்சி. முழங்காலுக்கு நல்லெண்ணெய். வேறொன்றும் இல்லை.

மே 24, சனி

குமுவின் மரத்தில் ஒரு பக்கம் இலை மஞ்சளாகியிருக்கிறது. மழை அதிகம், அதனால் இருக்கும்.

மே 31, சனி

மழை இல்லை. ஒரு வாரத்தில் உச்சி முழுக்கப் பழுப்பாகிவிட்டது. இலை உதிரவுமில்லை, அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அரசாங்க ஆள் வந்து அடிமரத்தில் துளையிட்டு மரத்தூளைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போனார். குமு லாரியில் உட்கார்ந்து சுரைக்குடுக்கையை மடியில் வைத்துக்கொண்டு அந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எலுமிச்சை ஊறுகாய் கொண்டுபோயிருந்தேன். கொடுக்காமலேயே திரும்பிவிட்டேன்.

ஜூன் 14, சனி

பூஞ்சைதான். காகிதம் வந்துவிட்டது.

மரம் காயப்பட்ட இடம் வழியாகத்தான் நோய் ஏறுமாம். குமு எங்களைத் தரையில் உட்கார வைத்துக் கேட்டாள். “மார்ச் மாசம் யாரோ வெளிய இருந்து மண்ணைக் கொண்டு வந்திருக்கீங்க. யாரு?”

அவள் கண் ஒவ்வொருவராகத் தாண்டிப் போய்க் கேஹாவிடம் நின்றது.

“அன்னைக்கு நேரா நர்சரில இருந்துதானே வந்த?”

“ஆமா குமு. ஆனா வாசல்ல…”

“நர்சரி மண்ணு. அதுல எந்த ஊரு நோய் இருக்குன்னு யாருக்குத் தெரியும்? எழுந்திரு.”

கேஹாவ் எழுந்தாள். என்னைப் பார்த்தாள். நான் பலகைத் தரையில் ஆணி ஒன்று தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலில் குத்திவிடும், அடிக்க வேண்டும் என்று நினைத்தேன். கேஹாவ் தன் பாவாடையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு போனாள். இனி வரக் கூடாது, பட்டமும் கிடையாது என்றுவிட்டாள் குமு.

அந்தப் பூட்ஸைத் தேய்த்தது நான். அதைச் சொல்ல எத்தனை வார்த்தை வேண்டும்? ‘நான் தெளித்தேன் குமு.’ மூன்று வார்த்தை.

ஜூன் 15, ஞாயிறு

சமையலறைத் தொட்டியில் ரம்பத்தை ஆல்கஹாலில் ஊற வைத்தேன். பல் இடுக்கில் மரத்தூள் இன்னும் இருந்தது. பழைய பல் தேய்க்கும் தூரிகையால் எடுத்தேன்.

அவர் காபி கேட்டு வந்து பார்த்தார்.

“துருப் பிடிச்சுடுச்சுங்க, அதான் கழுவுறேன்” என்றேன். அவர் ஒன்றுமே கேட்கவில்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான்.

அது அந்த ரம்பத்தாலேயே வந்திருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? காற்றில் வரும் என்கிறார்கள். பன்றி மேய்ந்தால் வரும் என்கிறார்கள். வண்டு கொண்டுவரும் என்கிறார்கள். காட்டில் பன்றிக்கா பஞ்சம்?

ஜூலை 6, ஞாயிறு

மார்ச் 2-ஆம் தேதிப் பக்கத்தைப் படித்தேன்.

‘ஏதோ காட்டு மரம்.’ பத்தொன்பது வருடம் அந்தப் பூவைப் பற்றி ஆடியவளுக்கு ஓஹியா அடையாளம் தெரியாதா? தெரியும். எங்கள் பகுதியில் அந்த மரம் திடீரென்று பழுப்பாகிக் காய்ந்தால் காரணம் ஒன்றுதான், அதுவும் தெரியும். தெரிவித்தால் ஆள் வருவார், துளை போடுவார், தோட்டத்து மண் படிந்த எதையும் வெளியே எடுத்துப் போகாதே என்பார், ஒருவேளை என்னைக் குமுவின் காட்டுக்கே போகாதே என்பார். எனக்குப் பட்டம் கிடைக்கும் என்று எதிர்பார்த்திருந்த வருடம். அதனால் அவரிடம் பெயர் சொல்லவில்லை. இந்த நோட்டுப் புத்தகத்திடமும் சொல்லவில்லை. தமிழில் எழுதுகிறேன், இந்தத் தீவில் இதைப் படிக்க அவரைத் தவிர யாருமில்லை, அப்படியிருந்தும் சொல்லவில்லை.

வாசலில் என் பூட்ஸைத் தேய்த்தேன். பையைத் திறக்கவில்லை. சுங்க அதிகாரியின் பையை யார் சோதிப்பார்கள்? மரத்தடியில் ரம்பத்தை எடுத்தபோது ஒரு நொடி ஞாபகம் வந்தது. பாட்டில் வாசலில் இருந்தது, கால் மணி நடை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ‘நீயே அறு’ என்று சொன்ன வாய்க்கு முன்னால், இரு குமு, இது அழுக்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாவாடையில் துடைத்தேன்.

பக்கத்தைக் கிழிக்கப் போனேன். மறுபக்கத்தில் மளிகைப் பட்டியல் இருக்கிறது என்று ஒரு காரணம் சொல்லி விட்டுவிட்டேன்.

ஜூலை 16, புதன்

சந்தையில் பப்பாளி பொறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து “ஆன்ட்டி” என்றாள் கேஹாவ். இளைத்துவிட்டாள். நர்சரியில் கூட வேலை பார்ப்பவர்கள் எல்லாம் விஷயம் கேள்விப்பட்டு, அவளை ஒரு மாதிரி பார்க்கிறார்களாம். அம்மா வெளியில் தலைகாட்டுவதில்லையாம்.

“ஆன்ட்டி, நீங்கதான அன்னைக்கு என் பூட்ஸைத் தேச்சீங்க? மூணு தடவை அடிச்சீங்க. நான்கூட கிண்டல் பண்ணேன். அதை மட்டும் குமுகிட்ட சொல்லுங்களேன். நீங்க சொன்னா கேப்பாங்க.”

“சொல்றேம்மா. சமயம் பாத்துச் சொல்றேன்.”

அவள் என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். எனக்காக ஒரு பப்பாளி பொறுக்கிக் கொடுத்தாள். நல்ல பழம். வீட்டுக்கு வந்து வெட்டாமலே குப்பையில் போட்டேன். என்னை எனக்கே பிடிக்கவில்லை.

ஜூலை 19, சனி

சமயம் கிடைக்கவில்லை.

ஜூலை 26, சனி

கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

இன்று மரத்தை வெட்டினார்கள். கட்டையை எங்கும் எடுத்துப்போகக் கூடாது, அங்கேயே தார்ப்பாய் போட்டு மூடிவிட வேண்டும். குமு என்னை மட்டும் வரச் சொன்னாள். இயந்திர ரம்பம் ஆரம்பித்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், எலும்பு வலித்தது.

“எங்கப்பா என்கிட்ட சொல்லுவாரு, நீ எங்க போனாலும் உன்னோட ஒரு பாதி இங்க நிக்குதுன்னு. அதனாலதான் நான் எங்கயும் போகவே இல்ல, கொடி. ஹோனோலூலுல பெரிய ஓட்டல்ல ஆடக் கூப்பிட்டாங்க. புருஷன் போகலாம்னான். நான் மாட்டேன்னேன். அவன் மட்டும் போனான்.”

மரம் சாய்ந்தபோது அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். அவள் என் முதுகைத் தடவி விட்டாள். “உனக்கு என்மேல எவ்வளவு பாசம்” என்றாள். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

நாளை பட்டமேற்பு. இன்று மதியம் வட்டமாக உட்கார்ந்தோம். இது வழக்கம். பெரிய காரியத்துக்கு முன்னால் மனசில் கட்டிக்கொண்டிருப்பதை ஒவ்வொருவரும் அவிழ்த்து வைக்க வேண்டும். கட்டோடு ஆடினால் ஆட்டத்துக்கே கெடுதல் என்பார்கள். ஒருத்தி அக்காளிடம் பேசாமலிருப்பதைச் சொன்னாள். ஒருத்தி மாமியாரைத் திட்டியதைச் சொன்னாள்.

பிறகு குமு தானே பேசினாள்.

“அந்தப் பொண்ணை அனுப்பினேனே, அது கோவத்துல செஞ்சது. அன்னைக்கு அவ என் பக்கத்துலதான் நடந்து வந்தா. அவ பூட்ஸ்ல ஆல்கஹால் வாசனை என் மூக்குல ஏறிச்சு. அது எனக்கு ஞாபகம் இருந்துச்சு. இருந்தும் அனுப்பினேன். யார் மேலயாவது கோவப்படணும் போல இருந்துச்சு.”

அவள் குனிந்து தரையைத் தொட்டாள். நாளைய காரியம் முடிந்ததும் கேஹாவ் வீட்டுக்குத் தானே போய் மன்னிப்புக் கேட்பதாகச் சொன்னாள். கடைசியாக என் பக்கம் திரும்பினாள்.

“கொடி?”

“ஒண்ணுமில்ல குமு.”

ஆகஸ்ட் 23, சனி

விடியற்காலை கடலில் குளித்துச் சுத்தமாகிவிட்டுத்தான் சடங்கு. எல்லாரும் இறங்கினார்கள். குமு நெஞ்சளவுத் தண்ணீரில் நின்று “வா கொடி” என்றாள். என் கால் கணுக்கால் ஆழத்தில் நின்றுவிட்டது. அதற்கு மேல் போகவில்லை. நான் போக விடாமல் நிறுத்தினேன் என்றுகூடச் சொல்ல முடியாது.

“மரம் என்னாலதான் செத்துச்சு குமு. என் ரம்பம்.”

எல்லாவற்றையும் சொன்னேன். பின்பக்கத்து மரம், பை, பாவாடையில் துடைத்தது, சந்தையில் கேஹாவ் கேட்டது. அவள் தண்ணீருக்குள் முங்கினாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது கரையை நோக்கி நடந்துவந்து எனக்கு எதிரில் நின்றாள்.

“எப்பத் தெரியும் உனக்கு?”

“இலை மஞ்சளான அன்னைக்கு.”

“எப்பத் தெரியும்னு கேட்டேன்.”

“மார்ச் ரெண்டாம் தேதி.”

தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் துடைக்கவில்லை.

“ரம்பம் அழுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பேன்னு நெனைச்ச? பாட்டில் எடுத்துட்டு வான்னு சொல்லியிருப்பேன். அவ்வளவுதான்.”

“தெரியும் குமு.”

“மரம் என்னோடது. அதை நானும் நீயும் எப்படியாவது பேசிக்கலாம். அந்தப் பொண்ணு விஷயத்துல மன்னிக்க எனக்கு உரிமை இல்ல. நானே அவ வாசல்ல போய் நிக்கணும்.” திரும்பி மற்றவர்களிடம் சொன்னாள். “துணி மாத்துங்க. இன்னைக்கு ஒண்ணும் கிடையாது.”

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். “தெரியும்” என்றார். “துருன்னு நீ சொன்ன அன்னைக்கே தெரியும்.”

“அப்ப ஏன் கேக்கலீங்க?”

“கேட்டா சொல்லிடுவியேன்னுதான்.”

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நர்சரிக்குப் போனேன். கேஹாவ் குழாயைப் பிடித்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். குமு நேற்றே வந்து போயிருக்கிறாள். இருந்தாலும் என் வாயால் சொன்னேன். குழாயை நிறுத்திவிட்டு முழுக்கக் கேட்டாள்.

“சந்தையில என் மூஞ்சியைப் பாத்துத்தான சொல்றேன்னு சொன்னீங்க ஆன்ட்டி?”

“ஆமாம்மா.”

மறுபடி தண்ணீரைத் திறந்துவிட்டாள். நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 30, சனி

குமுவிடமிருந்து போன். “வகுப்புக்கு வரணும்னா வாசல்ல நின்னு பாடு. இனிமே பதில் பாடுறது கேஹாவ் வேலை. அவ பாடலைன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது. ரம்பத்தைக் கொண்டு வந்து வெளிய மாட்டிட்டுப் போ.”

கேஹாவுக்கு இன்று பட்டம் கட்டியிருக்கிறார்கள். எனக்கு அழைப்பு இல்லை. எப்படி இருக்கும்?

செப்டம்பர் 6, சனி

ரம்பத்தைக் கதவுப் பக்கத்து ஆணியில் மாட்டினேன். எல்லாரும் பாடி உள்ளே போன பிறகு தனியாக நின்று பாடினேன். உள்ளே குடுக்கைச் சத்தம் நின்றது, என் பாட்டைக் கேட்டார்கள். பிறகு சத்தம் தொடர்ந்தது. வகுப்பு முடியும்வரை மழையில் நின்றேன். அவர் காரிலிருந்து குடையை நீட்டினார், வாங்கவில்லை. திரும்பி வந்ததும் துண்டை எடுத்துக் கொடுத்தார்.

செப்டம்பர் 13, சனி

பதில் இல்லை. முதல் வருடப் பிள்ளைகள் என்னைத் தாண்டிப் போகும்போது எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தவிக்கிறார்கள். அவர்களுக்காகப் பாவமாக இருக்கிறது.

செப்டம்பர் 20, சனி

இல்லை. மழை.

செப்டம்பர் 27, சனி

இன்று பாட்டு நடுவில் என் குரல் உடைந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். பதில் பாட்டு வரவில்லை. ஆனால் கதவு திறந்தது.

கேஹாவ் ஒரு கையில் தூரிகையும் ஒரு கையில் பாட்டிலுமாக வெளியே வந்தாள். ஆணியில் தொங்கிய ரம்பத்தில் துரு ஏறியிருந்தது, இந்தத் தடவை நிஜமான துரு. அவள் அதைப் பார்க்கவில்லை.

“காலைக் காட்டுங்க ஆன்ட்டி.”

சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாகத் தூக்கினேன். ஆட்டத் தரைக்குள் போக யாரும் இப்படிச் சோதிப்பதில்லை. செருப்பை வாசலிலேயே கழற்றிவிடுவோம். இருந்தும் அவள் தேய்த்தாள். இரண்டு தடவை தேய்த்து மூன்று தடவை தெளித்தாள். எண்ணிக்கை சரியாக ஞாபகம் வைத்திருக்கிறாள்.

“பை.”

திறந்தேன். துண்டு, ஊறுகாய் பாட்டில், இந்த நோட்டு. நோட்டை எடுத்துப் புரட்டினாள். அவளுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. திரும்ப வைத்தாள்.

“மன்னிச்சுட்டேன்னு நெனைச்சுக்காதீங்க.”

“இல்லம்மா.”

“பின்வரிசைல நில்லுங்க. முதல் வருஷப் பசங்க கூட.”

தலையாட்டினேன். அவள் கதவை விட்டு ஒதுங்கினாள். நான் உள்ளே போகவில்லை. பையைத் திருப்பி, அவள் கேட்காமலேயே, பக்க அறையின் ஜிப்பைத் திறந்து காட்டினேன். உள்ளே ஒன்றுமில்லை, மடிப்பில் கொஞ்சம் மரத்தூள் மட்டும் ஒட்டியிருந்தது. கேஹாவ் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு பாட்டிலை உள்ளே விட்டு, ஈரம் வெளியே சொட்டும்வரை தெளித்தாள்.

பின்வரிசையில் போய் நின்றேன். குமு என்னைப் பார்க்கவில்லை. குடுக்கையை ஒரு தட்டு தட்டினாள்.

“இன்னொரு தடவை” என்றாள்.